முப்பத்து மூன்று அங்குலம்

என் வாழ்நாளில் நான் முதன்முதலாக அளந்த பொருள் என் சித்தப்பாவின் மார்பு. அதற்குப் பிறகு அரிசி அளந்திருக்கிறேன், எண்ணெய் அளந்திருக்கிறேன், மகளுக்குப் பாவாடைத் துணி அளந்திருக்கிறேன். ஆனாலும் அளவு என்று யாராவது பேச்செடுத்தால் இன்றைக்கும் என் மூக்குக்கு முதலில் வருவது ஆற்று ஈரமும் ஊறிய கடலையும் கலந்த ஒரு வாசனைதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மலையாளச் சீமையில் மகாராஜா காலம். கரமனையில், ஆற்றுக்கு இறங்கிப் போகிற அக்கிரகாரத் தெருவில் எங்கள் வீடு. வீட்டில் அப்பா, அம்மா, அப்பாவுக்கு அக்காவான அத்தை, அப்பாவுக்குத் தம்பியான சித்தப்பா, நான், பிறந்து நாலு மாதமாகியிருந்த என் தம்பி. அப்பா ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. சித்தப்பா சர்க்கார் கச்சேரி ஒன்றில் நகல் எழுதும் குமாஸ்தா, ஆனால் தற்காலிகம். அந்தச் சொல்லை அத்தை எப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வாள். அது ஏதோ ஒட்டிக்கொள்கிற வியாதி என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

அந்த வியாதிக்கு மருந்தாக ஒரு சமாசாரம் வந்தது. எக்சைஸ் இலாகாவில் ஆள் எடுக்கிறார்கள். காட்டிலும் மேட்டிலும் சாராயம் காய்ச்சுகிறவனைத் துரத்திப் பிடிக்கிற உத்தியோகம், ஆனால் ஸ்திரம். சித்தப்பா எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டார். மிச்சமிருந்தது உடம்பு. ஆனி மாதத்தில் சர்க்கார் டாக்டர் அளந்து பார்ப்பார். மூச்சை இழுத்து நிறுத்தினால் மார்பு முப்பத்து மூன்று அங்குலம் இருக்க வேண்டும். இருந்தால் உத்தியோகம், இல்லாவிட்டால் மறுபடி நகல். ஆடி பிறந்தால் சித்தப்பாவுக்கு இருபத்தைந்து முடிகிறது. அதற்கு மேல் மனுப் போட வழியில்லை. சுசீந்திரத்தில் பெண் வைத்திருந்த ஒருவர் ஜாதகமெல்லாம் பொருந்திய பிறகும், "ஸ்திரமானதும் ஒரு கார்டு போடுங்கோ" என்று சொல்லிவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சித்தப்பா சாலைக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு தையல்காரரிடம் மார்பைக் காட்டினார். தையல்காரர் அளந்துவிட்டு, "முப்பத்தொண்ணே கால் சாமி. கோட்டு தைக்கணுமானா உள்ளே கொஞ்சம் பஞ்சு வெச்சுத் தரலாம்" என்றாராம். சித்தப்பா கோட்டு தைக்கவில்லை. அங்கேயே ஒரு டேப்பு வாங்கினார். பக்கத்துப் பழைய புத்தகக் கடையில், புலித்தோலை இடுப்பில் கட்டிக்கொண்டு மீசையோடு ஒரு துரை நிற்கிற இங்கிலீஷ் தேகப்பயிற்சிப் புத்தகத்தையும் வாங்கிக்கொண்டு வந்தார். மூன்று மாதம் இருந்தது. ஒன்றே முக்கால் அங்குலம் வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீடு ஒற்றைக் காலில் நின்றது. யாருக்கும் உட்கார மனசில்லை. சித்தப்பா கச்சேரிக்குப் போகிற வழியில் கையை வீசிக்கொண்டே போவார். வீட்டுக்குள் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவதானாலும் குதிகாலைத் தூக்கித்தான் நடப்பார். எனக்கோ விடியற்காலை நாலு மணிக்கு அவர் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை எடுக்கிற சத்தம் கேட்டால் போதும், பாயில் கிடக்க முடியாது. அப்பாவுக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை.

"குமாஸ்தாவுக்குப் பேனா தூக்கற பலம் போறும்டா. நீ என்ன கஜேந்திரனை முதலை வாயிலேர்ந்து இழுக்கப் போறியா?" என்பார்.

புத்தகத்தில் தேகப்பயிற்சி பாதி, சாப்பாடு பாதி. படம் பார்த்துப் படம் பார்த்து நான் சந்தேகம் கேட்பேன். ஒரு பக்கத்தில் முட்டை. சித்தப்பா பக்கத்தைப் புரட்டிவிட்டு, "நமக்கு ஊறவெச்ச கடலை" என்றார். இன்னொன்றில் ஆவி பறக்கிற கோப்பை. அது மாட்டு மாமிசத்தைக் காய்ச்சிய சாறு என்று எனக்கு ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரியும், அன்றைக்கு அவர் சொன்னது, "ஜீரக ரசம் மாதிரி ஒண்ணு." ஓட்ஸ் இருந்த இடத்தில் உளுந்தங்கஞ்சி. உருளைக்கிழங்கு இருந்த இடத்தில் புழுங்கின ஏத்தங்காய் என்கிற நேந்திர வாழைக்காய். இப்படி அந்தத் துரை ஒவ்வொரு வேளையாக எங்கள் சமையலறைக்குள் குளித்து மடியாக நுழைந்துவிட்டார்.

சங்கடம் வேறிடத்தில் வந்தது. பயிற்சிக்கு அரைமணி முன்னால் கொஞ்சம் சாப்பிட வேண்டும், முடிந்து அரைமணிக்குள் நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று புத்தகம் சொல்லியது. எங்கள் வீட்டிலோ குளிக்காமல் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. அத்தை இருக்கிற வீட்டில் அது அசைக்க முடியாத சட்டம். சித்தப்பா புத்தகத்தையும் விடாமல் அத்தையையும் விடாமல் ஒரு வழி கண்டுபிடித்தார். நாலு மணிக்கு ஆற்றில் ஒரு முழுக்கு, வந்து சாப்பாடு, மறுபடி ஆற்றுமணலில் தண்டாலும் உட்கார்ந்தெழுகிற பைட்டக்கும், வியர்வைக்கு இன்னொரு முழுக்கு, அப்புறம் சாப்பாடு. கச்சேரிக்குப் போய்வருகிற வழியில் தூசி பட்டால் அதற்கும் கிணற்றடியில் இரண்டு வாளி. பத்தாம் நாள் மார்பு ஒரு நூல் கூடவில்லை, ஜலதோஷம்தான் கூடியது. மூக்கும் கண்ணும் சிவந்து, தும்மித் தும்மி, முப்பத்தொண்ணே காலும் முப்பத்தொன்றாகிவிடும் போலிருந்தது.

அத்தை ஒரு நாள் பார்த்தாள், இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"எருமைகூட ஒரு நாளைக்கு ஒரு தரம்தான் முங்கறது. பாலுக்குத் தோஷமில்லேடா. பல்லைத் தேய்ச்சுட்டு பாலைக் குடிச்சுட்டுப் போ. பாக்கியெல்லாம் ஸ்நானம் ஆன பின்னே."

அதோடு முறை ஏற்பட்டது. நாலு மணிக்குப் பால். பிறகு ஆற்றங்கரை. விடிகிற சமயம் ஒரே குளியல், படித்துறையிலேயே சந்தியாவந்தனம். ஆறரைக்கு வந்ததும் வெல்லத்தோடு ஊறிய கடலை, உளுந்தங்கஞ்சி, இரண்டு ஏத்தங்காய். ஒன்பது மணிக்கு அப்பாவோடு இலை போட்டுச் சாப்பாடு. பத்துக்குக் கச்சேரி.

துரையின் படத்தில் இருக்கிற கரலாக்கட்டைக்கு நாங்கள் எங்கே போவது? சித்தப்பா எங்கள் வீட்டு உலக்கையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போவார். நான் டேப்பும் துண்டுமாகப் பின்னால் ஓடுவேன். எதிர்வீட்டு வாத்தியார் அந்த நேரத்துக்குக் குளித்துவிட்டு ஏறி வருவார்.

"என்ன ஓய், உலக்கையும் கையுமா? உலக்கையால அழிஞ்ச யாதவ குலத்துல இன்னும் யாராவது பாக்கியோ?"

"ஒருத்தர் பாக்கி. முப்பத்து மூணு அங்குலம்னு பேர்" என்று சித்தப்பா நிற்காமலே பதில் சொல்வார்.

அவர் உலக்கையைத் தலையைச் சுற்றி நூறு தரம் சுழற்றுவார். நான் மணலில் கோடு போட்டு எண்ணுவேன். திரும்பி வந்தபிறகு அதே உலக்கையால் அம்மா நெல் குத்துவாள். அதை நான் எண்ணியதில்லை.

வெள்ளிக்கிழமை அளக்கிற நாள். அளக்க ஆள் யார் என்பதே முதலில் ஒரு பெரிய கேள்வியாக இருந்தது. அப்பாவிடம் கேட்கவே முடியாது. அத்தை மடி, யாரையும் தொடமாட்டாள். அம்மா மன்னி முறை. மைத்துனன் மார்பில் டேப்பு வைக்கிற வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. ஆகவே அந்த உத்தியோகம் எனக்கு வந்தது. என் கை அவரைச் சுற்றி எட்டாது. டேப்பின் நுனியை அவர் விரலால் அழுத்திக்கொள்வார். நான் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு அவரைச் சுற்றி ஓடி வந்து சேர வேண்டும். கோவிலில் பிரதட்சிணம் பண்ணுகிற மாதிரி. சேர்ந்ததும், "இழுங்கோ!" என்பேன்.

மூச்சை இழுத்து நிறுத்த அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பூணூல் போட்ட நாளிலிருந்து தினம் மூன்று வேளை செய்துவருகிற பிராணாயாமம். வலது கையைத் தூக்கி, விரலால் ஒரு மூக்கை அடைத்து, மறு மூக்கால் இழுத்து, இரண்டையும் பொத்திக்கொண்டு நிற்பார். கண் பிதுங்கும். நான் எண்ணைப் படிப்பேன். விறகுப்புரைச் சுவரில் கரித்துண்டால் எழுதிவைப்பேன். கால், அரை, முக்கால் எல்லாம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல, அந்தச் சுவரில் வந்ததுதான்.

ஜலதோஷம் போன பிறகு சுவரில் எண் ஏறத் தொடங்கியது. முப்பத்தொண்ணரை. ஒரு வாரம் நகரவில்லை. அந்த வாரம் முழுக்க நான் பள்ளிக்கூடத்தில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் முப்பத்தொண்ணே முக்கால். முப்பத்திரண்டு எழுதிய அன்றைக்குச் சித்தப்பா எனக்குக் கடலையில் பாதி கொடுத்தார்.

பால்தான் காரணம் என்றாள் அத்தை. பாலை நாலு மணிக்கு அம்மாவிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுப்பதும் நான்தான். முந்தின சாயங்காலப் பாலைக் காய்ச்சி உறியில் வைத்திருப்பாள் அம்மா. அவளுக்கு ஒரு டம்ளர் தனியாக இருக்கும். தம்பி பிறந்ததும் வைத்தியர் வந்து, பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள் காலையும் மாலையும் ஒரு டம்ளர் பால் குடித்தே ஆக வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒரு நாள் பார்த்தேன், அம்மா தன் டம்ளரைச் சித்தப்பாவின் சொம்பில் கவிழ்த்தாள். சொம்பு விளிம்பு வரை நிறைந்தது.

"உனக்கு?"

"எனக்குப் பால்னாலே குமட்டறது. நீ நின்னுண்டு பேசாதே, ஆறிடப் போறது."

எனக்கும் பால் குமட்டும். அம்மாவுக்கும் அப்படியே என்று தெரிந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட ஏற்பட்டது.

அந்த நாட்களில் தம்பி ஓயாமல் அழுதான். விடியற்காலையில் தாழ்ப்பாள் சத்தத்தில் விழித்துக்கொள்கிறான் என்று நான் சொன்னேன். திருஷ்டி என்றாள் அத்தை. இரண்டு தரம் மிளகாய் சுற்றிப் போட்டாள். அம்மா அவனை ஒரு கையில் இடுக்கிக்கொண்டே உளுந்து அரைப்பாள். குழவி சுற்றுகிறபோது அவளுடைய வளைகள் முழங்கை வரை ஏறி, ஜலஜலவென்று இறங்கும். முன்பெல்லாம் மணிக்கட்டிலேயே நின்றவை. அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. அதற்காகவே ஆட்டுக்கல் பக்கத்தில் போய் உட்காருவேன்.

கடைசி வெள்ளிக்கிழமை. சித்தப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். நான் சுற்றி ஓடி வந்து சேர்ந்து பார்த்தேன், முப்பத்து மூன்று. ஒரு நூல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இல்லை. சொன்னதுதான் தாமதம், மூச்சை விட்டு, என்னைத் தூக்கித் தலைக்கு மேலே கொண்டுபோய்விட்டார். உலக்கை சுற்றின கை. விறகுப்புரை ஓட்டில் என் தலை இடித்தது. வலிக்கவே இல்லை.

டாக்டர் பார்க்கிற நாள் திங்கட்கிழமை. அன்று ஆற்றங்கரை கிடையாது. சித்தப்பா எல்லாவற்றையும் இரட்டையாகச் சாப்பிட்டார். இரண்டு சொம்பு பால், இரண்டு கிண்ணம் கடலை, நாலு ஏத்தங்காய். ஏழரைக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு, அத்தை கொடுத்த விபூதியை இட்டுக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு நடந்தார். அப்பாகூட வாசல் வரை வந்து, யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வயிற்றுவலி வந்தது. பள்ளிக்கூடம் போகாமலிருக்க வேறு வழி தெரியவில்லை. அத்தை சுக்குக் கஷாயம் கொடுத்து, இன்றைக்குச் சோறு கிடையாது என்று சொல்லிவிட்டு, மத்தியானம் கோவிலில் நடக்கிற பாகவதம் கேட்கப் போய்விட்டாள். நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். கிணற்றில் எட்டிப் பார்த்தேன். விறகுப்புரைச் சுவரைத் தடவிப் பார்த்தேன். தம்பி அழ, அவன் கையில் டேப்பைக் கொடுத்தேன்; அவன் அதைச் சப்பிக்கொண்டு சமையலறைப் பக்கமாகத் தூளியில் கிடந்தான். நான் மறுபடி வாசலுக்குப் போனேன். மறுபடி கொல்லைக்கு.

பன்னிரண்டு மணி இருக்கும். கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு சித்தப்பா வந்தார். கோட்டு கையில் இருந்தது. விபூதி வியர்வையில் கரைந்து வழிந்திருந்தது. தெரு வழியாக வராமல் கொல்லை வழியாக வருகிறார் என்றதும் வயிற்றுவலியை மறந்து எதிரே ஓடினேன்.

"கையைக் கீழே போடச் சொல்லிட்டான்டி" என்றார்.

"யாரு?"

"டாக்டர். நான் பாட்டுக்கு மூக்கைப் பொத்திண்டு நின்னேன். ஆஸ்பத்திரியே சிரிச்சுது. 'எந்தா சாமி, இவிடே என்ன படித்துறையா? கை ரெண்டும் தாழே'ன்னான். கையைப் போட்டேன். முப்பத்திரண்டரை. அரை அங்குலம் கையோட போயிடுத்து."

மூன்று மாதமாக அவர் கையைத் தூக்கி வைத்திருக்கும்போதல்லவா அளந்திருக்கிறேன்! அந்த அரை அங்குலம் அவருடையதல்ல, என்னுடையது. அழலாமா, ஓடிவிடலாமா என்று தெரியாமல் நின்றேன்.

"அப்புறம் வயித்தைத் தட்டிப் பார்த்தான். மத்தளம் மாதிரி இருக்கு, மூச்சுக்கு எங்கே இடம், இதெல்லாம் ஜீரணிச்சு மூணு மணிக்கு வா, இன்னொரு தரம் பார்க்கலாம்னான். நல்ல மனுஷன். டேப்பு எங்கே? கையைக் கீழே போட்டுண்டு இழுத்துப் பழகணும். சீக்கிரம்."

"தம்பிகிட்ட" என்று சொல்லிவிட்டு நான் ஓடினேன். அவசரத்தில் அவரும் என் பின்னாலேயே வந்துவிட்டார்.

அந்த வேளையில் ஆண்கள் யாரும் சமையலறைப் பக்கம் வருவதில்லை. ஆண்கள் சாப்பிட்டுப் போய், அத்தை சாப்பிட்டுப் போய், பாத்திரமெல்லாம் ஒதுக்கிய பிறகு அம்மா சாப்பிடுகிற நேரம் அது. நானே பள்ளிக்கூடத்தில் இருந்துவிடுவேன். அம்மா எப்போது சாப்பிடுகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று அந்த வீட்டில் பார்த்தவர்கள் யாரும் இல்லை. மறைத்தாள் என்றில்லை, எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அப்பா சாப்பிட்ட இலையையே போட்டுக்கொண்டு, காலை மடக்கி, முதுகை எங்களுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தாள். தூளிக் கயிறு அவள் கால் கட்டைவிரலில் மாட்டியிருந்தது. சத்தம் கேட்டுத் திரும்பி, கையால் இலையை மறைக்கிற மாதிரி குனிந்து, அப்புறம் எழுந்திருக்கப் போனாள். இலையில் இருந்ததை நான் பார்த்தேன். கஞ்சித் தெளிவில் கிடந்த ஒரு பிடி சோறு. ஊறாமல் கல்லாகவே நின்றுவிடுகிற கடலைகள் ஏழெட்டு. அப்புறம் ஏத்தங்காய்த் தோலில் பண்ணிய துவரன். சித்தப்பாவுக்குப் புழுங்கின காயின் தோலையெல்லாம் அம்மா தூர எறியமாட்டாள், பொடியாக நறுக்கி வதக்கிக்கொள்வாள் என்று எனக்கு முன்னமே தெரியும். அவளுக்குத் தோல்தான் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன்.

"என்ன அம்பி, ஆயிடுத்தா?" என்றாள் அம்மா.

சித்தப்பா நிலைப்படியில் நின்றார். இலையைப் பார்த்தார். அம்மாவின் கையைப் பார்த்தார். வளைகள் முழங்கையில் கிடந்தன. பிறகு தூளியைப் பார்த்தார்.

"இன்னும் இல்லையா? கால் மணி இரு, உலை வெக்கறேன். உளுந்து ஊறிண்டிருக்கு, கஞ்சி..."

"வேண்டாம் மன்னி. நீங்க உக்காருங்கோ."

"வெறும் வயித்தோட எப்படி..."

"உக்காருங்கோன்னேன்."

அவர் அப்படிக் குரலை உயர்த்தி அம்மாவிடம் பேசி நான் கேட்டதில்லை. அம்மா உட்கார்ந்தாள். ஆனால் சாப்பிடவில்லை. சித்தப்பா திரும்பிக் கொல்லைக்கு நடந்தார். நான் தம்பியின் வாயிலிருந்து டேப்பைப் பிடுங்கிக்கொண்டு, அவன் அழ அழ, பின்னால் ஓடினேன். அவர் கிணற்றடியில் நின்று இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் அடித்துக்கொண்டார்.

"சித்தப்பா, கையைக் கீழே போடுங்கோ. அளக்கலாம்."

"அளந்தாச்சு, கொழந்தே."

"நான் எங்கே அளந்தேன்?"

அவர் கோட்டை எடுத்துக்கொண்டு படலைத் தாண்டிப் போய்விட்டார். பரீட்சையில் தோற்ற வெட்கத்தில் என்ன பேசுகிறோம் என்றே தெரியாமல் பேசுகிறார் என்று எண்ணிக்கொண்டேன். ஈரமான டேப்பை என் இடுப்பிலேயே சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு, மூன்று மணி எப்போது ஆகும், அது ஆகி எப்போது ஐந்தாகும் என்று கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தேன்.

விளக்கேற்றுகிற வேளைக்கு அவர் வாசல் வழியாக வந்தார். முப்பத்து மூன்று. கை இரண்டும் கீழே. மத்தியானம் ஒன்றுமே சாப்பிடாமல், நாலு மைல் திரும்ப நடந்துபோய், டாக்டர் "இழு" என்றதும் இழுத்திருக்கிறார். வயிறு ஒட்டிப்போய், காற்றுக்கு நிறைய இடம் கிடைத்துவிட்டதாம். அப்பா உடனே புதுக் கொள்கை சொன்னார்: "அப்பவே சொன்னேனே, சாப்பாட்டுல ஒண்ணும் இல்லே, பட்டினிதான் பலம்." எல்லாம் பால் கொடுத்த பலம் என்றாள் அத்தை. எதிர்வீட்டு வாத்தியார் வந்து, "யாதவ குலம் முடிஞ்சுதோ?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு போனார். சுசீந்திரத்துக்குக் கார்டு எழுதினார்கள். எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நான் எல்லோரிடமும் டேப்பைக் காட்டிக்கொண்டு திரிந்தேன். அம்மா சர்க்கரைப் பொங்கல் பண்ணினாள்.

சித்தப்பா மட்டும் சிரிக்கவில்லை. நடந்த களைப்பு என்று நினைத்தேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அப்பாவும் சித்தப்பாவும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். அம்மா பரிமாறினாள். அப்பா இலையைச் சுற்றி நீர் விட்டுப் பரிசேஷணம் பண்ணி ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டார். சித்தப்பா கையை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"மன்னி, உங்களுக்கு எடுத்து வெச்சாச்சா?"

அம்மா பேந்தப் பேந்த விழித்தாள். அத்தை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னடா கேள்வி இது?" என்றார் அப்பா.

"அவாளுக்கு உள்ள சோறு, குழம்பு, காய் எல்லாத்தையும் ஒரு பாத்திரத்துல முதல்ல எடுத்து வெக்கட்டும். நான் கண்ணால பார்க்கணும். அப்புறம்தான் சாப்பிடுவேன்."

"பொம்மனாட்டி சாப்பாட்டைப் புருஷா வந்து எட்டிப் பார்க்கறதா? எந்த சாஸ்திரத்துல இருக்கு?" என்றாள் அத்தை.

"புஸ்தகத்துல இருக்கு அக்கா" என்றார் சித்தப்பா, தலை நிமிராமல்.

அதற்கு மேல் யாரும் வாதாட முடியவில்லை. அந்தப் புத்தகம் நேற்றுத்தான் ஜெயித்திருந்தது. அப்பாவின் கை ஒரு கணம் இலையிலேயே நின்றது. அம்மா ஒரு வெண்கலப் பாத்திரத்தில் எடுத்து வைத்தாள். போதாது என்று தலையை ஆட்டினார். இன்னும் வைத்தாள். ஏத்தங்காய் இரண்டு துண்டு வைக்கும் வரை அவர் கை இலைக்குப் போகவில்லை. அம்மாவின் பால் எங்கே போயிற்று என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவர், டம்ளர் விஷயத்தில் என்னை நம்பினார். அம்மா கடைசிச் சொட்டு வரை குடிக்கிறாளா என்று காலையும் மாலையும் பக்கத்தில் நின்று பார்ப்பது என் புது உத்தியோகம். குமட்டுகிற பாலை எதற்குக் குடிக்கச் சொல்கிறார் என்று எனக்கு அம்மாவிடம் பரிதாபமாக இருந்தது. ஆனால் அம்மா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. முதல் நாள் குடித்து முடித்ததும் டம்ளரை வைத்துக்கொண்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள். தம்பியின் அழுகையும் கொஞ்ச நாளில் நின்றது. ஆற்றங்கரைக்குப் போவது நின்றதால், தாழ்ப்பாள் சத்தம் இல்லை, குழந்தை தூங்குகிறது என்று நான் அத்தைக்கு விளக்கினேன்.

ஆவணியில் சித்தப்பாவை நெடுமங்காட்டுப் பக்கம் போட்டார்கள். பெட்டி கட்டும்போது புத்தகத்தை என்னிடம் கொடுத்தார். பள்ளிக்கூடத்தை நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம், படத்துக்குக் கீழே இருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிக் கூட்டி, எதிர்வீட்டு வாத்தியார் மகனைத் தொந்தரவு பண்ணி, அந்தப் புத்தகத்தில் கற்றதுதான். முட்டையைக் கண்டுபிடித்தேன். ஓட்ஸைக் கண்டுபிடித்தேன். ஜீரக ரசத்தைக் கண்டுபிடித்து வாயைப் பொத்திக்கொண்டேன். நான் தேடியது அதுவல்ல. தான் சாப்பிடும் முன் வீட்டிலிருக்கிற பெண்பிள்ளைக்கு எடுத்து வைத்தாயிற்றா என்று பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிற பக்கத்தைத் தேடினேன். பயிற்சிக்கு முன் சாப்பிடுவது இருந்தது, பின் சாப்பிடுவது இருந்தது, எத்தனை தரம் மெல்ல வேண்டும் என்பதுகூட இருந்தது. அது மட்டும் இல்லை.

அந்தப் பக்கத்தை யாரோ கிழித்திருக்க வேண்டும் என்று எனக்குக் கோபமாக வந்தது. ஒரு நாள் ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்து, அட்டையிலிருந்து அட்டை வரை, பக்க எண்களையெல்லாம் விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். அம்மா அரைத்துக்கொண்டிருந்தாள், வளைகள் மணிக்கட்டிலேயே இருந்தன, சத்தமே இல்லை. ஒரு பக்கமும் குறையவில்லை.